உமியோடு விழுங்க வேண்டியது

வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை இப்போது யாரும் மருந்து என்றே நினைப்பதில்லை. கல்யாண விருந்துக்குப் போகிறவர்கள் கைக்குட்டையோடு சேர்த்து அதையும் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். டாக்டர் ஒரு மாதத்துக்கு எழுதிய சீட்டை மூன்று வருடமாக நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்துக்கடையில் நிற்கும் நீங்களும் அட்டையைக் கிழித்துக் கொடுத்துவிடுகிறீர்கள். என் வீட்டெதிரே இருக்கும் மருந்துக்கடையில் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வந்தவர்கள் பத்தொன்பது பேர். அதில் எட்டுப் பேர் கேட்டது இதைத்தான். "எப்படிச் சாப்பிடுகிறீர்கள்?" என்று எட்டில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. எண்ணுவது எனக்கு வியாதி மாதிரி. முப்பத்தேழு வருடம் மாத்திரை எண்ணிய கைக்கு ஓய்வு கொடுத்தாலும் நிற்க மாட்டேன் என்கிறது.

உடம்பு முன்போல இல்லை. நீளமாக எழுதினால் கழுத்து வலிக்கிறது. எனவே கவுண்டருக்குப் பின்னால் புதிதாக நிற்கும் உங்களுக்கு ஒரே ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறேன். இதில் வரும் மூன்று பேரும் இப்போது உயிரோடு இல்லை. ஆனாலும் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நீடாமங்கலத்தில், தாலுகா வேலையாக வருகிறவர்கள் இறங்கும் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே எங்கள் கடை. முதலாளி வேறொருவர், நான் மருந்தாளுநர். ஊரார் வாயில் கடைசிவரை கம்பவுண்டர்தான். குத்தகைத் தாவாக்களை விசாரிக்கும் அதிகாரி மாதத்தில் ஒரு நாள் எங்கள் ஊரில், கடைக்கு எதிர்ப்பக்கக் கட்டடத்தில் முகாம் போடுவார். அன்று கடையில் கூட்டம் அதிகமாக இருக்கும். தலைவலி, படபடப்பு, வயிற்று எரிச்சல் எல்லாம் அன்றுதான் வரும். நிலத்துக்காரர்களும் வருவார்கள், குத்தகைக்காரர்களும் வருவார்கள். மருந்து மட்டும் இரு தரப்புக்கும் ஒன்றுதான். ஆட்சி மாறினால் தாவா தீரும் என்று தேர்தலுக்குத் தேர்தல் சுவரில் எழுதினார்கள். ஆட்சி மாறியது. சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு கிடைத்தது. தாவா கட்டு மட்டும் இன்னும் கொஞ்சம் தடித்தது.

கோவிந்தராசு ஏழு மா நிலம் குத்தகைக்குப் பயிர் செய்தவர். எங்கள் பக்கம் மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். நிலம் அவர் ஊர் மிராசுதாருடையது. குத்தகைக்காரர் தானே சேற்றில் இறங்கி உழைத்தால்தான் சட்டம் அவரைக் காப்பாற்றும். கோவிந்தராசுவுக்கு மூட்டு தேய்ந்துவிட்டது, அவர் இறங்குவதே இல்லை, நிலத்தை வேறொருவருக்கு விட்டுவிட்டார் என்பது மிராசுதாரின் மனு. அன்று கோவிந்தராசு நேரில் நின்று வாக்குமூலம் தர வேண்டும். இரண்டு வாய்தாவுக்கு வராமல் போயிருந்தார். இனி ஒரு வாய்தா தப்பினால் ஒருதலையாக உத்தரவு போட்டுவிடுவேன் என்று அதிகாரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தபோதே கணவனும் மனைவியும் வந்துவிட்டார்கள். கோவிந்தராசு வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். முகமும் அதே வெள்ளையாக இருந்தது.

"கம்பவுண்டர் சார், கேஸ் ஜாஸ்தியா இருக்கு. ஏதாச்சும் குடுங்க" என்றார்.

"எந்த கேஸு? எதுத்தாப்புல நடக்குறதா, வயித்துல நடக்குறதா?" என்றேன். முகாம் நாளில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி நைந்துபோன வேடிக்கை அது.

"ரெண்டும் ஒண்ணுதான் சார். அது தீந்தா இதுவும் தீந்துரும்."

அவர் மனைவி அஞ்சலை சிரிக்கவில்லை. "ராத்திரி பூரா உருண்டுக்கிட்டு கெடந்தாருங்க. நடந்து வரையில ரெண்டு எடத்துல உக்காந்துட்டாரு" என்றார்.

"நீ சும்மா இரு. வெயிலு."

"வெயிலா? இன்னும் பொழுதே ஏறல, வெயிலாம்."

அவருக்கு ஏற்கெனவே தஞ்சாவூரில் ஒரு டாக்டர் பார்த்து, குடல்புண் என்று சொல்லி, அமிலத்தைக் குறைக்கும் கேப்சூல் எழுதிக் கொடுத்திருந்தார். எங்கள் பக்கத்துக்கு அப்போது அது புதிது. அங்கேயே வாங்கிச் சாப்பிட்டு வந்தார்.

"அந்த மாத்திரை ஒண்ணுக்கும் ஒதவல சார். விலதான் ஜாஸ்தி. அதவிட பலமா, பால் மாதிரி ஒரு மருந்து இருக்காமே, அத ஒரு பாட்டில் குடுங்க. மத்தியானம் வரைக்கும் தாங்கினா போதும். வாக்குமூலத்தச் சொல்லிட்டு எங்க வேணாலும் விழுந்துக்கறேன்."

அந்த நேரத்தில்தான் மிராசுதார் உள்ளே வந்தார். அவரும் எங்கள் வாடிக்கைக்காரர். அதே கேப்சூலைத்தான் அவரும் மாதாமாதம் என்னிடம் வாங்குவார். அவருக்கும் எரிச்சல்தான். இருவரும் ஒரே கவுண்டரில், நடுவே ஒரு முழ இடைவெளி விட்டு நின்றார்கள்.

"என்ன கோவிந்தராசு, பொய் சொல்லணும்னதும் வயித்தக் கலக்குதா?" என்றார் மிராசுதார்.

"எனக்கு என்னத்துக்கு அய்யா கலக்குது? நீங்களும் மாத்திரை வாங்கத்தான வந்திருக்கீங்க."

மிராசுதார் என் பக்கம் திரும்பினார். "எனக்கு எப்பவும் போல குடுப்பா."

மூன்று அட்டையை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தேன். கேட்டதை இருவருக்கும் கொடுத்து அனுப்பியிருந்தால் அந்தக் காலை சுலபமாக முடிந்திருக்கும். கோவிந்தராசுவுக்குப் பால் மருந்து ஒரு பாட்டில், மிராசுதாருக்கு அந்த மூன்று அட்டை. வாசலில் இன்னும் நான்கு பேர் நின்றிருந்தார்கள். ஆனால் கோவிந்தராசுவின் மேலுதட்டில் வேர்வை பொடித்திருந்தது. கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. நம் தொழிலில் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைத் தெரியாத மாதிரி விடக் கூடாது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை.

"மூட்டு வலிக்கு என்ன சாப்பிடுறீங்க?"

அவர் மிராசுதாரை ஒரு முறை பார்த்தார். பதிலை அஞ்சலைதான் சொன்னார். "மஞ்சளா ஒண்ணு, பெட்டிக்கடையில விக்கிறான். அதப் போட்டாத்தான் வயல்ல எறங்க முடியுது. எறங்கலன்னா நெலத்த புடுங்கிருவாங்கன்னு தெனம் ரெண்டு போடுறாரு."

"வாயப் பொத்துறியா!"

புரிந்துகொள்ளுங்கள். மூட்டு வலியைக் காட்டினால் வழக்கு போய்விடும் என்று பயந்து வலி மாத்திரை. வலி மாத்திரையால் வயிற்றில் புண். புண்ணுக்கு கேப்சூல். இவ்வளவும் ஒரே மனுஷன் வயிற்றுக்குள். அதையும் எதிராளியை முழ தூரத்தில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு நானே தவித்தேன். உள்ளே வந்து உட்காருங்கள் என்றால், "நின்னுக்கறேன்" என்று வீம்பு பிடித்தார்.

குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "வெளிக்குப் போறது என்ன நெறமா இருக்கு?"

"கறுப்புத்தான்." சத்தமாகவே சொன்னார். "நம்ம கட்சிக்காரன் வயித்துலேர்ந்து வேற என்ன கலர்ல வரும்?"

"பாதிக் கொடிதானடா இருக்கு, செவப்பு எங்க?" என்றார் மிராசுதார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

"அத நீங்கதான் உறிஞ்சிட்டீங்களே அய்யா."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். கறுப்பு என்றதும் எனக்கு ரத்தம் என்றுதான் பட்டது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டேன், அதுவும் கறுக்கச் செய்யும். இல்லை என்றார் அஞ்சலை. தார் மாதிரி ஒட்டுகிறதா, வாடை மாறியிருக்கிறதா என்று கேட்டேன். மூன்று நாளாக அப்படித்தான் என்றார். வயிற்றுக்குள் புண் கசிகிறது. இவர் மத்தியானம் வரை நிற்கவே மாட்டார்.

ஆனாலும் ஒன்று இடித்தது. அந்த கேப்சூல் நல்ல மருந்து. ஒரு மாதமாகச் சாப்பிடுகிறவருக்கு இந்த அளவுக்கா போகும்?

"அந்த மாத்திரைய எப்ப சாப்பிடுறீங்க?"

"எழுதிக் குடுத்தபடிதான். காலையில, சாப்பாட்டுக்கு முன்னாடி, வெறும் வயித்துல."

பதில் சரியாக இருந்தது. சரியான பதில் வந்தவுடன் நாம் அடுத்தவரைப் பார்க்கத் திரும்பிவிடுகிறோம். அன்று ஏனோ திரும்பவில்லை. "இருக்கா? இருந்தா எனக்குச் செஞ்சு காட்டுங்க" என்றேன்.

சட்டைப் பையிலிருந்து ஒரு கேப்சூலை எடுத்தார். இரண்டு விரலால் திருகி உறையைப் பிரித்தார். உள்ளேயிருந்த வெள்ளை மணிகளை உள்ளங்கையில் கொட்டினார். காலி உறையை வாயால் ஊதித் தரையில் தள்ளினார். அப்புறம் கட்டைவிரலை மணிகள் மேல் வைத்து, களத்தில் நெல்லைக் கசக்கிப் பார்ப்பது போல, நொறநொறவென்று கசக்கினார்.

"இத ஒரு சொம்பு நீராகாரத்துல போட்டு ஒரே மடக்கு. அவ்ளோதான்."

"உறைய ஏன் ஊதிட்டீங்க?"

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நெல்ல உமியோடவா சார் திங்கிறோம்? ஏற்கெனவே புண்ணுங்கறீங்க. அதுல போயி அந்த பிளாஸ்டிக்கும் குத்தினா?"

உள்ளே இருக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு பூச்சு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பூச்சுதான் மருந்தை வயிற்றின் புளிப்பிலிருந்து காப்பாற்றிக் குடலில் சேர்க்கிறது. கசக்கினால் பூச்சு போய்விடும், மருந்து வயிற்றிலேயே வீணாகிவிடும். அதோடு, நீராகாரம் அவர் கணக்கில் சாப்பாடே இல்லை. சாப்பாடு என்றால் மத்தியானம் இலையில் போடும் சுடுசோறு. ஒரு சொம்பு நிறையப் பழையதும் தண்ணீருமாகக் குடித்துவிட்டு, வெறும் வயிறு என்றுதான் அவர் நம்பினார். ஒரு மாதம் ஒரு நாள்கூடத் தவறாமல் மருந்து சாப்பிட்டிருக்கிறார். ஒரு நாள்கூட மருந்து அவருக்குள் போகவில்லை.

"நாத்தங்காலுக்கு அரிசியவா தெளிக்கிறீங்க, நெல்லையா?" என்றேன்.

"இது என்ன கேள்வி? நெல்லுதான். அரிசியத் தெளிச்சா சேத்துலயே அழுவிப் போவும்."

"இதுவும் அப்படித்தான். இது திங்கிற நெல்லு இல்லைங்க, வெதநெல்லு. உமியோட உள்ள போகணும். கசக்கிட்டீங்கன்னா வயித்துலயே அழுகிடும். நீங்க இதுவரைக்கும் ஒண்ணுகூடச் சாப்பிடல."

அவர் உள்ளங்கையில் இருந்த பொடியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அடுத்து நிமிர்ந்தபோது கண் செருகியது. விழாமல் அஞ்சலை பிடித்துக்கொண்டார். நான் கதவைத் திறந்து உள்ளே இழுத்து, தரையில் படுக்க வைத்துக் காலை ஒரு மருந்துப் பெட்டி மேல் தூக்கி வைத்தேன்.

கண் திறந்ததும் அவர் கேட்டது, "மணி என்ன? கூப்பிட்டுட்டாங்களா?"

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். ரத்தம் ஏத்தணும்" என்றேன்.

"அந்தப் பால் மருந்தக் குடுங்க சார். உங்க கால்ல விழறேன். ஒரு மணி நேரம். இன்னிக்கு நிக்கலன்னா ஏழு மாவும் போச்சு. அப்பறம் ரத்தம் ஏத்தி நான் என்ன பண்ணப் போறேன்?"

பாட்டில் என் கைக்கு எட்டும் அலமாரியில்தான் இருந்தது. எரிச்சல் கொஞ்சம் அடங்கும், அவரும் எழுந்து எதிர்ப்பக்கம் நடந்துவிடுவார், அதிகாரி முன்னால் போய் விழுவார். சில சமயம் நோயாளி கேட்கும் மருந்து அவர் வலியைத் தணிக்கும், ஆபத்தை மறைக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் கையைக் கட்டிக்கொள்வதுதான் நம் வேலை. சொல்லச் சுலபம். ஏழு மா நிலத்தை வைத்துக்கொண்டு ஒருவர் தரையில் படுத்துக் கெஞ்சும்போது அது மிகவும் கஷ்டம். தர மாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

முடிவு சொன்னவர் அஞ்சலை. "நெலம் எங்கயும் எழுந்திரிச்சுப் போவாது. அங்கயேதான் படுத்துக் கெடக்கும். நீ போயிட்டா நான் எந்த வாய்க்கால்ல போயி தேடுறது? தூக்குங்க சார்."

வாசலில் நின்ற இருவர் தூக்கினார்கள், நானும் கூடப் போனேன். பக்கத்து அரசு மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றி, ஆம்புலன்ஸில் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து பார்த்தால் கவுண்டர் மேல் நான் எடுத்து வைத்த மூன்று அட்டை அப்படியே கிடந்தது. மிராசுதார் எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. மாத்திரையைக்கூட வாங்காமல் போயிருக்கிறார். எதற்கு அவ்வளவு அவசரம் என்று எனக்குத் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். எதிராளி வரமாட்டான் என்று ஊரில் முதலில் தெரிந்துகொண்டவர் அவர்தான். போய் உட்கார்ந்திருந்தாலே போதும், நிலம் அவருடையது. என் கடையில், என் கேள்வியால் அவருக்கு அது தெரிந்தது.

சாயங்காலம் கோவிந்தராசுவின் வக்கீல் சோடா உப்பு வாங்க வந்தார். "அதிசயம் சார்" என்றார். "நம்ம ஆளு வரல, ஒருதலைதான்னு நெனச்சேன். மிராசுதாரே எழுந்து, எனக்கு வயிறு சரியில்ல, இன்னொரு நாள் வெச்சுக்கலாம்னுட்டாரு. மனுதாரரே கேட்டா என்ன பண்ணுவாரு அதிகாரி? வாய்தா போட்டுட்டாரு. பெரிய மனுஷன் சார்!"

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு மனிதரைப் பற்றி ஒரு பகல் முழுவதும் தப்பாக நினைத்திருக்கிறேன்.

பத்து நாள் கழித்து மிராசுதார் கடைக்கு வந்தார். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றார். பிறகு கவுண்டர் மேல் குனிந்து, "ஏம்ப்பா, அன்னிக்கு அவங்கிட்ட சொன்னியே, கசக்கக் கூடாதுன்னு" என்றார்.

"ஆமாங்க."

"நான் தேன்ல கொழச்சு சாப்பிட்டேன். பிரிச்சு, நல்லா நசுக்கி. நாட்டு வைத்தியர் சூரணம் தந்தா அப்படித்தான சாப்பிடுவோம்? நாலு மாசமா. அன்னிக்கு நீ சொல்லி அவன் விழுந்ததப் பாத்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. வாய்தா கேட்டுட்டு நேரா தஞ்சாவூரு டாக்டர்கிட்ட ஓடிட்டேன். உள்ள டியூப் விட்டுப் பாத்தாங்க. ஆறாத புண்ணு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நானும் கறுப்புக் கொடிதான்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "இத வெளிய சொல்லிடாத. நல்ல பேரு ஒண்ணு கெடச்சிருக்கு, இருந்துட்டுப் போவட்டும்."

நோயாளி கவுண்டரில் சொல்வது கவுண்டரோடு நிற்க வேண்டும். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதன் பாரத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கோவிந்தராசு மூன்று பாட்டில் ரத்தம் ஏறிப் பிழைத்து வந்தார். வலி மாத்திரையை விட்டார். கேப்சூலை டாக்டர் சொன்ன காலம் வரை முழுதாக விழுங்கினார், அவர் நிறுத்தச் சொன்னதும் நிறுத்தினார். அடுத்த வருடம் மிராசுதார் ராஜி பேச ஆள் அனுப்பியபோது, "நான் சாகக் கெடந்தப்ப எனக்காக வாய்தா கேட்டவரு, அவருக்கு எதிரா நான் கூண்டுல ஏற மாட்டேன்" என்று சொல்லி மூன்று மாவை விட்டுக்கொடுத்தார். நான்கு மா கோவிந்தராசு பெயருக்கு எழுதியானது. வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். வழக்கு நடந்திருந்தால் ஏழும் நின்றிருக்கும் என்று சொன்னார். ஏழும் போயிருக்கலாம் என்றும் அவரே சொன்னார். நான் வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை கூட்டிக் கழித்துப் பார்க்கிறேன். ஒரு நாள் வரும் விடை மறுநாள் வருவதில்லை.

அதற்கப்புறம் நான் வேலையில் இருந்தவரை அந்த கேப்சூலை ஒருவருக்கும் கேட்காமல் கொடுத்ததில்லை. "வெறும் வயிற்றில்" என்று எழுதிக் கொடுப்பதையும் விட்டேன். "காலையில் பல் விளக்கியதும், டீக்கும் நீராகாரத்துக்கும் முன்னால், வெறும் தண்ணீரில்" என்று சொல்வேன். கூடவே என்ன வலி மாத்திரை சாப்பிடுகிறார்கள், டாக்டர் எவ்வளவு காலத்துக்குச் சொன்னார், வெளிக்குப் போகும்போது நிறம் மாறுகிறதா என்று கேட்பேன். சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்ளட்டும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அஞ்சலை ஒரு சீட்டோடு வந்தார். அதற்குள் கோவிந்தராசுவும் மிராசுதாரும் காலமாகிவிட்டிருந்தார்கள். நான்கு மாவில் மகன் பயிர் செய்துகொண்டிருந்தான். சீட்டில் அதே கேப்சூல், பதினான்கு நாளுக்கு.

"மிராசுதாரய்யா வீட்டு வழியாத்தான் வந்தேன்" என்றார். "என்ன இருந்தாலும் நல்ல மனுஷங்க. இல்லாத வயித்து வலிய இருக்குன்னு பொய் சொல்லி எங்க வீட்டுக்காரரக் காப்பாத்துனாரு."

நான் பதினான்கை எண்ணினேன். மறுபடி எண்ணினேன். கவரில் போட்டு நீட்டிவிட்டு, எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டேன்.

"எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்க."

"உமியோடதாங்க" என்றார் அஞ்சலை.